கோலியை மட்டும் அனுப்பச் சொல்லுங்க

முதல் வார்த்தையிலேயே தப்பாகச் சொல்லித் தொலைக்கப் போகிறோம் என்ற பயம் சகாயராணிக்குக் காலையில் அடுப்புப் பற்றவைக்கும்போதே வந்து உட்கார்ந்துவிட்டது. பதினொரு மணியிலிருந்து ஒரு மணிக்குள் கம்பெனியிலிருந்து பேசுவார்கள் என்று செல்போனில் செய்தி வந்திருந்தது. பழைய சாமான்களை வாங்கவும் விற்கவும் ஆப் வைத்திருக்கிற கம்பெனி. பேசினால் என்ன நடந்தது என்று கேட்பார்கள். என்ன நடந்தது? ஒரு கோலி சோடா பாட்டிலை விற்றாள். வாங்கினவன் உடைந்து வந்தது என்று புகார் போட்டிருக்கிறான். காசு இன்னும் கம்பெனிக்காரன் கையில் நிற்கிறது. இன்றைக்கு யார் பேச்சை நம்புகிறார்களோ அவர்களுக்குப் போகும். நான்கு வரிதான். ஆனால் எந்த வரியிலிருந்து தொடங்கினாலும் கடைசியில் அவன்தான் பாவம் என்பது போலவே வந்து முடிந்தது. அலுமினியச் சட்டியில் ஊறிக்கிடந்த சின்ன வெங்காயத்தை ஒவ்வொன்றாக எடுத்து வாலையும் தலையையும் நறுக்கி, தோலை உரித்துப் பக்கத்து வாளியில் போட்டபடி, அவள் உதட்டை அசைக்காமல் சொல்லிப் பார்த்தாள். வணக்கம் சார், என் பேரு சகாயராணி, திண்டுக்கல். இல்லை, ஊரை முதலில் சொல்லக் கூடாதோ. ஊரைச் சொன்னால் கள்ளன் வீட்டைத் தேடி வருவான் என்று மகள் ஜெனிட்டா சொல்லியிருக்கிறாள். ஆனால் பேசப்போவது கள்ளன் இல்லையே, கம்பெனி. கம்பெனிதான் என்று எப்படித் தெரியும்? கத்தி அந்த இடத்திலேயே நின்றது. பிரியாணிக் கடைக்கு ஒன்றரை மணிக்குள் பதினைந்து கிலோ உரித்துக் கொடுத்தாக வேண்டும். ஆட்டோ வந்து ஹாரன் அடிப்பான். அந்த ஆட்டோக்காரனும் தராசை ஒரு பக்கம் சாய்த்துத்தான் பிடிக்கிறான் என்று அவளுக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

உரித்த வெங்காயத்தைப் போலத்தான் இந்த விஷயமும் என்று நினைத்து, உடனே அது சரியில்லை என்று விட்டுவிட்டாள். வெங்காயத்தில் உரிக்க உரிக்க ஒன்றும் இருக்காது. இதில் இருந்தது. நடுவில் ஒரு கோலி இருந்தது. அந்தக் கோலியில் வந்துதான் அவள் புத்தி நேற்றுச் சாயங்காலத்திலிருந்து முட்டி முட்டி நின்றுகொண்டிருக்கிறது. அவன் அனுப்பிய போட்டோவில் கண்ணாடித் துண்டுகள் ஒரு செய்தித்தாளின் மேல் குவிந்திருந்தன. பச்சைக் கண்ணாடி. அடிப்பக்கம் ஒரு சில்லு, கழுத்து ஒரு சில்லு, எழுத்து மாதிரி ஏதோ தெரிகிற ஒரு சில்லு, அதுவும் குப்புறக் கிடந்தது. இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிசாக்கிப் பார்த்தாள். கோலி இல்லை. பாட்டில் உடைந்தால் கோலி எங்கே போகும்? உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிருக்கலாம். அப்படித்தான் முதலில் நினைத்தாள், நல்லவிதமாகவே நினைத்தாள். அதனால்தான் மைக்கை அமுக்கிக்கொண்டு, கோலி எங்கே தம்பி என்று கேட்டாள். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. கோலியும் தூள் தூளாயிருச்சு அக்கா, குப்பையில போட்டுட்டேன். அந்த வரியை அவள் இரண்டு தரம் படித்தாள். முதல் மூன்று நாள் ‘ப்ரோ’ என்றவன், அவள் குரலைக் கேட்ட பிறகுதான் ‘அக்கா’ ஆனான். பெயர் பரணிதரன், சேலம் என்று போட்டிருந்தது. ஆப்பில் அவன் படத்துக்குப் பதிலாக ஒரு புலி இருந்தது. மூஞ்சியைக் காட்டாதவனை நம்பலாமா என்று நினைத்தவள், தன் படத்துக்குப் பதிலாக ஜெனிட்டா ஒரு ரோஜாப்பூவைப் போட்டிருப்பது ஞாபகம் வந்து, கத்தியைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினாள்.

கோலி தூளாகாது. அது மட்டும் அவளுக்குத் தெரியும். உலகத்தில் வேறு எதுவும் அவளுக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரியாது. ஆறாம் வகுப்புப் பாதியில் பையை ஆணியில் மாட்டிவிட்டு பேகம்பூர் ராவுத்தர் சோடா கம்பெனிக்குப் பாட்டில் கழுவப் போனவள். தொட்டிக்கு முன்னால் குத்தவைத்து, பாட்டிலுக்குள் கொஞ்சம் மணலும் தண்ணீரும் விட்டுக் குலுக்க வேண்டும். பிரஷ் உள்ளே போகாது, கழுத்தில் கோலி மறிக்கும். ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு பாட்டில். குலுக்கிக் குலுக்கி ராத்திரி தூக்கத்தில்கூடக் கை ஆடும் என்று அவள் அம்மா திட்டுவாள். உள்ளே மிஷினில் கேஸ் ஏற்றும்போது எப்போதாவது ஒன்று வெடிக்கும். டமார் என்று ஒரு சத்தம், அப்புறம் ஒரு நிமிஷம் யாரும் மூச்சு விடமாட்டார்கள். யாருக்கும் கண்ணில் படவில்லை என்று தெரிந்ததும் ராவுத்தர், “ஏ ராணி, வெளக்கமாத்த எடுத்துட்டு வா” என்பார். அவள் போய்க் கூட்டுவாள். கண்ணாடி நொய்யரிசி மாதிரிக் கிடக்கும். கோலி மட்டும் முழுசாக, ஒன்றுமே நடக்காத மாதிரி, சாக்கடை ஓரம் உருண்டு போய் நிற்கும். பொறுக்கித் தகர டப்பாவில் போட வேண்டும். ஆறு வருஷத்தில் டப்பா நிறைந்து நிறைந்து காலியானது. உடைந்த கோலி என்று ஒன்றை அவள் பார்த்ததே இல்லை. இதை எப்படிச் சொல்வது? எனக்குத் தெரியும் சார் என்றால், எப்படித் தெரியும் என்பார்கள். நான் பாட்டில் கழுவினவள் என்றால், அப்படியா, சரி, வைம்மா என்பார்கள். படித்தவர்களுக்கு எழுதி வைத்த தாள் வேண்டும், போட்டோ வேண்டும், வீடியோ வேண்டும்.

வீடியோ. அங்கே வந்து நினைப்பு மறுபடியும் முள்ளில் சேலை மாட்டிய மாதிரி நின்றது. தப்பு அவளுடையதுதான். ஜெனிட்டா சொன்னாள், கல்லூரிக்குக் கிளம்புகிற அவசரத்திலும் நின்று சொன்னாள். “அம்மா, பேக் பண்றத வீடியோ எடுக்கணும்மா. மூஞ்சி தெரிய ஆர்டர் நம்பரச் சொல்லி, பாட்டிலச் சுத்திக் காட்டி, ஒட்டுறவரைக்கும் வெட்டாம எடுக்கணும்னு போட்டுருக்கான் பாரு.” “கைய மட்டும் எடுடி.” “கைய மட்டும் எடுத்தா யாரு கைன்னு கேப்பாங்க. அரை நிமிசம்மா, நம்பரச் சொல்லு, போதும்.” “வேணாம்னா வேணாம். நம்பிக்கை இருக்கிறவன் வாங்கட்டும்.” ஜெனிட்டா அவள் முகத்தையே பார்த்தாள், அப்புறம் கதவைக் கொஞ்சம் சத்தமாகச் சாத்திவிட்டுப் போனாள். மகளுக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் படியிலிருந்து விழுந்ததில் சகாயராணிக்கு மேல் வரிசையில் முன்பல் இரண்டு போய்விட்டன. அன்றிலிருந்து அவள் வலது கை அவள் சொல்லாமலேயே வாய்க்குப் போகக் கற்றுக்கொண்டது. சிரித்தால் முந்தானை, பேசினால் கை. கோவிலில் பாட்டுப் பாடுகிறபோது புத்தகத்தை உயர்த்திப் பிடித்துக்கொள்வாள். பல் டாக்டர் எட்டாயிரம் சொன்னார். அதை வீட்டில் சொல்லவில்லை. ஐம்பது வயதுக்குப் பல் என்னத்துக்கு என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே கிரைண்டர் ரிப்பேருக்கு என்று சொல்லித்தான் பாட்டிலை விற்கக் கிளம்பினாள். ஒன்று நாலாயிரத்து ஐந்நூறு. இரண்டும் போனால் பல் வந்துவிடும். ஆக, பல் இல்லாததால் வீடியோ எடுக்கவில்லை, வீடியோ எடுக்காததால் காசு போகப் போகிறது, காசு போனால் பல் வராது. இதை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. தனியாக இருந்தும் கை வாய்க்குப் போனது. வெங்காயச் சாறு உதட்டில் எரிந்தது.

மணி பதினொன்று பத்து. போன் அரிசி டின் மேல் மல்லாந்து கிடந்தது. அடிக்கும்போது கை ஈரமாக இருந்தால் பச்சை வட்டம் நகராது. அதற்காகவே மடியில் ஒரு துணி வைத்திருந்தாள். ஒருவேளை உண்மையாகவே உடைந்திருந்தால்? பார்சல்காரன் தூக்கிப் போட்டிருந்தால்? அவளே சரியாகச் சுற்றாமல் விட்டிருந்தால்? பழைய பனியனில் சுற்றி, அதற்கு மேல் இரண்டு தினத்தாள், அதற்கு மேல் செருப்பு வந்த அட்டைப்பெட்டி, இடுக்கில் நெல் உமி. உமிகூடப் போட்டாளே. முட்டையை வைத்து அனுப்பினாலும் குஞ்சு பொரிக்கிற மாதிரிதான் கட்டினாள். ஆனால் அடியில் ஒரு மூளி இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. இருபது வருஷம் அந்தப் பாட்டிலை வைத்துத்தான் சப்பாத்தி தேய்த்தாள். ராவுத்தர் கம்பெனியை மூடி இடத்தை விற்றபோது அவர் வீட்டம்மா, வேண்டுமானதை எடுத்துக்கோ என்றாள். எல்லோரும் பெஞ்சையும் டிரம்மையும் தூக்கிக்கொண்டு போக, அவள் சப்பாத்திக் குழவி வாங்கக் காசில்லாத புதுக் குடித்தனக்காரி, இரண்டு பாட்டிலை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தாள். ஒன்று தேய்க்க, ஒன்று உடைந்தால் மாற்றுக்கு. கழுத்தைப் பிடித்து உருட்டினால் உள்ளே கோலி கலகலவென்று ஓடும். கண்ணாடியில் புடைத்திருந்த எஸ்.எம்.ஆர். என்ற கம்பெனி எழுத்தும் நட்சத்திரமும் மாவில் லேசாகப் பதியும். ஜெனிட்டா பள்ளிக்கூடத்துக்கு நட்சத்திரச் சப்பாத்தி கொண்டுபோவாள். அப்படி உருட்டும்போது எப்போதோ கல்லில் பட்டு அடியில் ஒரு மிளகளவு பெயர்ந்துவிட்டது. போட்டோ எடுக்கும்போது அந்தப் பக்கத்தைத் திருப்பி வைத்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவன் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லாமல் விடுவது பொய்யா? பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சொல்ல வேண்டுமா, சாமியாருக்குச் சோடா பாட்டில் கதை எல்லாம் எதற்கு. ஆனால் அவனும் இப்படித்தானே தனக்குள் சொல்லிக்கொண்டிருப்பான், சின்னப் பொய்தானே என்று. அவள் ஒரு வெங்காயத்தைத் தோலோடு வாளியில் போட்டுவிட்டு, தேடி எடுத்து மறுபடியும் உரித்தாள்.

காலையில் அவள் வீட்டுக்காரர் லூர்துசாமி குட்டியானை லோடு வண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னது வேறு காதில் சுற்றிக்கொண்டிருந்தது. “பழைய சோடா பாட்டில நாலாயிரம் குடுத்து வாங்குறவன் ஒண்ணு பைத்தியமா இருக்கணும், இல்ல களவாணியா இருக்கணும். பைத்தியக்காரன் ஆப்பெல்லாம் வச்சிருக்க மாட்டான்டி.” “ஒங்களுக்கு எல்லாமே நையாண்டிதான்.” “நையாண்டி இல்ல. எதிர்வீட்டுப் பிலோமி கட்டில வித்தாளே, என்னாச்சு? மிலிட்டரில இருக்கேன்னு சொன்னான், ஸ்கேன் பண்ணுக்கா காசு வரும்னான். இவ ஸ்கேன் பண்ணினா. காசு போயிருச்சு, கட்டிலு மட்டும் வீட்லயே கெடக்கு. அதுல படுத்துத்தான் அழுதுக்கிட்டு இருக்கா.” அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. காசு வாங்குவதற்கு ஸ்கேன் பண்ண வேண்டியதில்லை, எண் அடிக்க வேண்டியதில்லை என்று ஜெனிட்டா சொல்லிக்கொடுத்து, அவள் அதைக் கேலண்டர் தாளின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியே வைத்திருக்கிறாள். ஓடிபி கேட்டால் போனை வை. அவசரப்படுத்தினால் போனை வை. ஆப்பை விட்டு வெளியில் பேச வா என்றால் போகாதே. எல்லாம் எழுதியிருக்கிறாள். பாட்டிலை வாங்கிக்கொண்டு, பத்திரமாக வைத்துக்கொண்டு, உடைந்துவிட்டது என்று சொல்வான் என்பதை மட்டும் எழுதவில்லை. எந்தக் கதவைப் பூட்டினாலும் பூட்டாத கதவு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. இப்போது இன்னொரு பாட்டில் பீரோ மேல், கிறிஸ்துமஸ் ஸ்டார் வைத்த பெட்டிக்குள் துண்டு சுற்றிக் கிடக்கிறது. தூத்துக்குடியில் ஒருவர் நேற்றே அதற்கு ஆர்டர் போட்டுவிட்டார். அவரும் பரணிதரனுடைய ஆளாக இருந்தால்? பரணிதரனே புலியைக் கழற்றிவிட்டு வேறு பெயரில் வந்திருந்தால்? ஜோடி சேர்க்கப் பார்க்கிறானோ. ஒன்றை நோகாமல் எடுத்துக்கொண்டான், அடுத்ததையும் எடுத்துக்கொண்டால் ஜோடி. அவனுடைய அலமாரியில் இரண்டு பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை அவள் பார்த்தாள். மாவு வாசனைகூட வந்தது. அந்தப் பாட்டிலை எடுத்துத் தரையில் ஒரே போடாகப் போட்டு உடைத்து, பாருங்கய்யா கோலி உடையுதா என்று கம்பெனிக்காரனுக்குக் காட்டினால் என்ன என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே பயமாக இருந்தது. ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை உடைக்கிற புத்தி. எழுந்து பீரோவைப் பார்த்துவிட்டு, ஈரக் கையோடு திரும்ப வந்து உட்கார்ந்தாள்.

பன்னிரண்டே காலுக்குப் போன் அடித்தபோது அவளுக்கு முதலில் பிரியாணிக் கடை ஆட்டோ என்றுதான் நினைப்பு ஓடியது. துணியில் விரலைத் துடைத்து, மறுபடி துடைத்து, வட்டத்தை இழுத்தாள். “வணக்கம், சகாயராணி மேடமா? நான் மோனிஷா பேசுறேன், உங்க புகார் விஷயமா.” சின்னப் பெண் குரல். பின்னால் நூறு பேர் பேசுகிற இரைச்சல். ஒத்திகை பார்த்த வரி எல்லாம் காற்றாகப் போய்விட்டது. வாயில் வந்தது வேறு. “நீ கம்பெனியில இருந்துதான் பேசுறன்னு எனக்கு எப்பிடிம்மா தெரியும்?” அந்தப் பக்கம் சிரிப்பு. “நான் ஓடிபி எதுவும் கேக்க மாட்டேன் மேடம்.” “கேக்க மாட்டேன்னு சொல்லித்தான் எல்லாரும் கேக்குறாங்க. புகார் நம்பர நீ சொல்லு. நான் சொல்ல மாட்டேன்.” மோனிஷா சொன்னாள். கேலண்டர் தாளில் எழுதியிருந்ததோடு ஒவ்வொரு எண்ணாக விரலை வைத்துப் பார்த்தாள். ஒத்துப்போனது. ஒத்துப்போனதும் இருந்த தைரியமும் போய்விட்டது, இனிச் சொல்லித்தானே ஆக வேண்டும். “அது வந்தும்மா, அந்தப் பாட்டில்ல நான் சப்பாத்தி தேச்சேன்.” “சப்பாத்தியா?” “இல்ல, அத விடு. அடியில ஒரு மூளி இருந்துச்சு, அதச் சொல்லல, அது என் தப்பு. ஆனா அது பழைய மூளி. அதுனால ஒடையாது.” சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததை முதலில் சொல்லிவிட்டோமே என்று உள்ளே ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். இடது கையில் போன், வலது கை வாய்மேல். “மேடம், குரல் சரியாக் கேக்கல. வாய மூடிட்டுப் பேசுற மாதிரி இருக்கு.” அவள் கையை எடுத்தாள். எடுத்த கைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு வெங்காயத்தைப் பிடித்துக்கொண்டது.

“பேக்கிங் வீடியோ இருக்கா மேடம்?” “இல்ல.” “ஏன் எடுக்கல?” “கூச்சமா இருந்துச்சும்மா.” மோனிஷா எதையோ தட்டினாள். அந்தத் தட்டலில் நாலாயிரத்து ஐந்நூறும் தன் பல்லும் போகிற சத்தம் சகாயராணிக்குக் கேட்டது. “வீடியோ இல்லன்னா கஷ்டம் மேடம். அவர் உடைஞ்ச போட்டோ குடுத்திருக்காரு.” “அந்தப் போட்டோல கோலி இருக்கான்னு பாரும்மா.” “என்ன மேடம்?” “கோலிம்மா, கோலி. நீ கோலி சோடா குடிச்சதில்லையா?” “பிளாஸ்டிக் பாட்டில்ல வர்ற பன்னீர் சோடாதான் மேடம் குடிச்சிருக்கேன்.” அப்போது அவளுக்கு ஆத்திரம் வந்தது, அந்தப் பெண்மேல் இல்லை, பிளாஸ்டிக்மேல், சேலத்துக்காரன்மேல், டவுன் பஸ் படிமேல். ஆத்திரம் வந்ததும் வார்த்தை தானாக வரிசையில் வந்து நின்றது. “கேட்டுக்கோ. அந்தப் பாட்டிலு கழுத்துக்குள்ள ஒரு கண்ணாடிக் கோலி இருக்கும். கழுத்த ஒடைக்காம அத வெளிய எடுக்க முடியாது. நான் ஆறு வருசம் சோடா கம்பெனியில இருந்தவ. சோடா வெடிச்சா பாட்டிலு நூறு துண்டாப் போகும், கோலி ஒண்ணாத்தான் கெடக்கும். நான் கூட்டிப் பொறுக்கியிருக்கேன். இவரு கோலியும் தூளாயிருச்சு, குப்பையில போட்டுட்டேங்கிறாரு. எழுத்துல போட்டுருக்காரு, ஆப்புலயே இருக்கு, பாரு. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். கண்ணாடி எனக்கு வேணாம். கோலிய மட்டும் அனுப்பச் சொல்லுங்க. என் கோலிய எனக்குத் தெரியும். என் கோலி வந்துருச்சுன்னா காசு அவருக்கே போகட்டும்.” மூச்சு வாங்கியது. பல்லிடுக்கில் காற்றுப் போன சத்தம் தனக்கே கேட்டது. அந்தப் பக்கத்தில் தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. “உங்க கோலின்னு எப்படி மேடம் கண்டுபிடிப்பீங்க?” “இருபது வருசம் உருண்ட கோலிம்மா அது. பளபளப்பே இருக்காது. பால் பூத்த மாதிரி மங்கிப்போய் இருக்கும். வெறும் பச்சை.” “சரி மேடம். அப்படியே எழுதிக்கிறேன். அவருக்கு இப்பவே மெசேஜ் போகும்.” அப்படியே என்றால் எப்படியே என்று கேட்க வாயெடுப்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. என் கோலி எப்படி இருக்கும் என்றும் சேர்த்து எழுதியிருந்தால்? அதையும் அவனுக்கு அனுப்பிவிட்டால்? பூட்டையும் கொடுத்துச் சாவியையும் கொடுத்த கதையாகிவிட்டதே. எதற்காக நிறத்தைச் சொன்னோம். அந்தப் பெண் கேட்டாள், சொன்னோம். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லுகிற வாயை என்ன செய்வது.

வெங்காயம் மூன்று கிலோவுக்கு மேல் கிடந்தது. கை தானாக உரித்தது. மணி ஒன்று ஆவதற்குக் கொஞ்சம் இருக்கும்போது போன் ஒரு தரம் முனகியது. புலி. அக்கா, கோலி கெடச்சிருச்சு, சோபாவுக்கு அடியில கெடந்துச்சு, ஒங்களுக்கு அனுப்பி வைக்கிறேன், காச விடச் சொல்லுங்க. கீழே ஒரு போட்டோ. உள்ளங்கையில் ஒரு கோலி. அவள் விரலைத் துடைக்காமலேயே இழுத்துப் பார்த்தாள், நகரவில்லை. துடைத்து இழுத்தாள். பெரிசானது. பளிங்கு மாதிரி தெளிவான கண்ணாடி. உள்ளே சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று இதழ் சுழித்து நின்றது. தெருவில் பையன்கள் குழி வைத்து அடிக்கிற பூக்கோலி. கடையில் பாக்கெட்டில் தொங்குகிற பூக்கோலி. சகாயராணி அதைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். அடிவயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பு தொண்டையை முட்டி, மூக்கில் ஏறி, வாய் திறந்து வெடித்தது. பூக்கோலிய உள்ளே வச்சு ராவுத்தர் சோடா ஊத்துனாரா! தூளாயிருச்சுன்னவன் சோபாவுக்கு அடியில பூத்து எடுத்துருக்கானே! கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயமா சிரிப்பா தெரியவில்லை. எதிர்வீட்டுச் சன்னலிலிருந்து பிலோமி, “என்னக்கா, ஒத்தையில சிரிக்கிற?” என்றாள். அவள் இன்னும் சிரித்தாள், அப்புறம்தான் கை எங்கே என்று பார்த்தாள். இரண்டு கையும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தன. சிரிப்பு பாதியில் நின்றது. இவன் இதை அழித்துவிடுவான். யாராவது சொல்லி, கண்டுகொண்டு, அழித்துவிடுவான். மூன்று விரலை மேலிருந்து கீழே இழுத்தால் திரை போட்டோவாக நிற்கும் என்று ஜெனிட்டா காட்டியிருக்கிறாள். முதல் தரம் வரவில்லை. சேலையில் விரலைத் தேய்த்து இரண்டாம் தரம் இழுத்தாள், க்ளிக் என்றது. தூளாகிவிட்டது என்ற வரிக்கு ஒன்று, பூக்கோலிக்கு ஒன்று. புகாருக்குள் போய் இரண்டையும் அனுப்பினாள். பெற்றுக்கொண்டோம், பரிசீலிக்கிறோம் என்று வந்தது. பரிசீலியுங்கள். பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அப்புறம் அவள் ஜெனிட்டா வருகிறவரைக்கும் காத்திருக்கவில்லை. மிச்ச வெங்காயத்தை உரித்து முடித்துக் கையை எலுமிச்சம்பழத் தோல் போட்டுக் கழுவினாள். ஸ்டூலைப் போட்டு ஏறி பீரோ மேலிருந்து பெட்டியை இறக்கி, துண்டைப் பிரித்து, இரண்டாவது பாட்டிலை எடுத்தாள். இதற்கும் கழுத்து ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் உண்டு. போனை அரிசி டின்னில் சாத்தி நிறுத்தினாள். சாய்ந்தது. பூண்டு டப்பாவை முட்டுக் கொடுத்தாள். சிவப்புப் பொட்டை அமுக்கிவிட்டு எதிரே உட்கார்ந்தபோது போன் கண்ணாடிக்குள் ஒரு பெண் அவளையே சந்தேகமாகப் பார்த்தாள். அவள் வலது கை வாயைத் தேடி மேலே போனது. பாட்டில் கனத்தது, ஒரு கையில் நிற்காது. இரண்டு கையாலும் பிடித்தால்தான் எழுத்தும் நட்சத்திரமும் தெரியும். தூக்கிய கையை இறக்கிப் பாட்டிலைப் பிடித்தாள். “என் பேரு சகாயராணி,” என்றாள். ஆர்டர் எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னாள், இடையில் காற்றுப் போனது, போகட்டும். “இது எஸ்.எம்.ஆர். சோடா பாட்டிலு. இங்கன ஒரு கீறல் இருக்கு, பாத்துக்கோங்க, அப்பறம் சொல்லலன்னு சொல்லாதீங்க. உள்ள இருக்கிறது வெறும் பச்சைக் கோலி, பூக்கோலி இல்ல.” போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குலுக்கினாள். கலகலவென்று அது தன் பழைய சத்தத்தைச் சொன்னது. “ஒடைஞ்சு வந்துச்சுன்னா கோலிய அனுப்புங்க. அதுக்கப்பறந்தான் காசு.” பனியனில் சுற்றினாள், தாளில் சுற்றினாள், உமி போட்டாள், டேப்பைப் பல்லால் கடிக்கப் போய், கடிக்க முன்பல் இல்லாததால் கத்தியை எடுத்து அறுத்து ஒட்டினாள். எல்லாம் ஒரே ஓட்டத்தில், எதையும் வெட்டாமல். வாசலில் பிரியாணிக் கடை ஆட்டோ ஹாரன் அடித்தது. “இருப்பா, வாரேன்!” என்று அவள் கத்தியதும் அதில் பதிந்தது. நிறுத்தி, போட்டுப் பார்த்தாள். கோலி தெரிந்தது. கீறல் தெரிந்தது. பல் இல்லாத இடம் தெரிந்தது. மூன்றும் நன்றாகவே தெரிந்தன. தூத்துக்குடிக்காரருக்கு அனுப்பினாள்.